கணக்குக் கேட்டவர்கள்

எங்க ஆயா சாகிற வரைக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தை 'லேபர் ஸ்கூல்' என்றுதான் சொன்னது. வாசலில் 'அரசு ஆதிதிராவிடர் நலப் பள்ளி' என்று பலகை தொங்கும். "ஏன் ஆயா லேபர் ஸ்கூலுன்னு சொல்ற?" என்று சின்ன வயசில் கேட்டிருக்கிறேன். "லேபர் ஆபீசு கட்டுனதுடா. நம்ம ஜனங்களுக்குன்னு ஒரு தொர கட்டுனான்னு எங்க மாமனாரு சொல்லும்" என்றது. அதுக்கு மேல் அதுக்குத் தெரியாது. எந்தத் துரை, யார் பணம், யார் கேட்டு வந்தது என்பது எங்கள் சேரியில் யாருக்குமே தெரியாது.

ஆயா ஓர் ஐப்பசி அடைமழையில் செத்தது. எங்கள் சேரிக்குச் சுடுகாட்டுப் பாதை கிடையாது. ஊர்க்காரர் வயல் வரப்பில்தான் பாடை போகணும். முழங்கால் தண்ணியில் நாலு பேர் தோளில் சாய்ந்து சாய்ந்து ஆயா போனது. வயல்காரர் மேட்டில் குடை பிடித்து நின்றுகொண்டு, "நடவு மிதிபடாம போங்கடா" என்று கத்தினார். பறை அடித்தவர்கள்கூட ஒரு நிமிஷம் அடிப்பதை நிறுத்தினார்கள்.

கருமாதி முடிந்த மறுநாள், ஒரு வெள்ளைத்தாளில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதினேன். எங்கள் சேரியின் சுடுகாட்டுப் பாதைக்கு கடந்த பத்து வருஷத்தில் எவ்வளவு பணம் ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது, எந்தத் தலைப்பில்? மூன்றே கேள்விதான். ஒன்றிய அலுவலகம், "இது நலத்துறை சார்ந்தது" என்று அனுப்பிவிட்டது. நலத்துறை, "பணி செய்தது ஊரக வளர்ச்சி" என்று திருப்பியது. இன்னொரு அலுவலகம், "நிலம் சம்பந்தமான கோப்பு வருவாய்த்துறையில் இருக்கும்" என்றது. மேல்முறையீடு எல்லாம் போய், பதினோரு மாதம் கழித்து ஒரே ஒரு வரி வந்தது. "மேற்படி பணி நிறைவுற்றது."

நிறைவுற்ற பாதையில்தான் எங்க ஆயா முழங்கால் தண்ணியில் போயிருக்கிறது.

அந்தக் கோபத்தில்தான் நான் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். லேபர் ஆபீசு யார் கேட்டு வந்தது என்று தேடித்தான் போனேன். அங்கே எனக்குக் கிடைத்தது வேறொன்று. நான் எழுதிய மனுவை எங்களில் சிலர் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே எழுதியிருக்கிறார்கள். எனக்கு வந்த பதிலும் அவர்களுக்கு அப்போதே வந்திருக்கிறது.

1919ஆம் வருஷத்து இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களுக்கு முதல்முறையாக அதிகாரத்தைப் பகிர்ந்து கொடுத்தது. அதற்கென்று 1920ல் அதிகாரப் பகிர்வு விதிகளே எழுதினார்கள். ஆட்சியை இரண்டாகப் பிளந்தார்கள். கல்வி, சுகாதாரம், விவசாயம், உள்ளாட்சி போன்றவை 'மாற்றப்பட்ட துறைகள்'. இவை சட்டசபைக்குப் பதில் சொல்லவேண்டிய இந்திய அமைச்சர்களிடம் போயின. நிலவரி, போலீஸ், பாசனம் போன்றவை 'ஒதுக்கப்பட்ட துறைகள்'. இவை கவர்னரிடமும் அவருடைய நிர்வாகக் குழுவிடமும் நின்றன. இதற்குத்தான் இரட்டையாட்சி என்று பெயர்.

சேரியில் நின்று இதைப் பார்த்தால் என்ன தெரியும்? ஒரு கூலிக்காரனின் வாழ்க்கை இப்படிப் பிளந்து கிடப்பதில்லை. அவனுக்கு நிலமும் வேண்டும், கிணறும் வேண்டும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் வேண்டும். நிலம் கேட்டால் அது வெள்ளைக்காரன் கையில். கிணறும் பள்ளிக்கூடமும் கேட்டால் அமைச்சர் கையில். அமைச்சரிடம் போனால், அவர் ஜில்லா போர்டையும் தாலுகா போர்டையும் காட்டுவார். போர்டில் உட்கார்ந்திருப்பவர் நம்முடைய பண்ணையார். பதில் சொல்லவேண்டிய ஆளைத் தேடிக்கொண்டு போனால், கடைசியில் யார் வயலில் கூலி வேலை செய்கிறோமோ அவர் வீட்டு வாசலில் போய் நிற்கவேண்டியதுதான்.

அந்தச் சட்டசபையில், நிர்வாகக் குழுவினர் நீங்கலாக, 127 உறுப்பினர்கள். அதில் 98 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். சொத்தும் வரியும் இருந்தால்தான் ஓட்டு. நமக்கு இரண்டும் இல்லை. பறையர், பள்ளர், வள்ளுவர், மாலர், மாதிகர், சக்கிலியர், தோட்டியர், செருமர், ஹொலையர் என்று இத்தனை சாதிக்கும் சேர்த்து ஐந்தே ஐந்து நியமன உறுப்பினர்கள். 127ல் ஐந்து! ஓட்டெடுப்பில் அந்த ஐந்து பேரால் எதையும் ஜெயிக்க முடியாது. அவர்களுக்கு இருந்த ஒரே ஆயுதம் கேள்வி. எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை கிணறு, எத்தனை பேருக்கு மனை, உத்தியோகத்தில் எங்கள் ஆள் எத்தனை பேர் என்று எண்ணிக்கையாகக் கேட்டார்கள். கெஞ்சவில்லை. கணக்குக் கேட்டார்கள்.

அவர்களில் முதலில் நிற்பவர் எம்.சி. ராஜா. பரங்கிமலையில் பிறந்தவர், பள்ளி ஆசிரியர். நீதிக்கட்சியோடு சேர்ந்து உள்ளே போனவர். பார்ப்பனரல்லாதார் ஆட்சி வந்தால் நம் ஜனங்களுக்கும் விடியும் என்று நம்பியவர். 1921ல் வகுப்புவாரி உத்தரவு வந்தது. பார்ப்பனரல்லாதாருக்கு அரசு வேலையில் இடம் கேட்ட அதே நியாயத்தின்படி எங்களுக்கும் பங்கு கொடு என்று ராஜாவும் மற்றவர்களும் கேட்டார்கள். காது கொடுக்கவில்லை.

அதே வருஷம் பின்னி ஆலை வேலைநிறுத்தம். பட்டினி தாங்காமல் வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கும் சாதி இந்துத் தொழிலாளர்களுக்கும் மோதல். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. ஆட்சியில் இருந்த நீதிக்கட்சியின் பெரிய தலைகள் என்ன சொன்னார்கள்? ஆதிதிராவிடர்களுக்கு அரசாங்கம் செல்லம் கொடுத்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றார்கள். அவர்கள் 'செல்லம்' என்று சொன்னதில் நம்ம லேபர் ஆபீசும் அடக்கம். 1923ல் ராஜா நீதிக்கட்சியிலிருந்து வெளியேறினார். சட்டசபையை விட்டு வெளியேறவில்லை. 1926 வரை இருந்து கேட்டுக்கொண்டேயிருந்தார்.

இதைச் சொன்னால் சில தோழர்களுக்குக் கஷ்டமாக இருக்கும். நீதிக்கட்சி செய்த நல்லதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். டெல்லியிலிருந்தோ லண்டனிலிருந்தோ அதிகாரம் கீழே இறங்கி வருவதாலேயே அது சேரிக்கு வந்துவிடாது. இறங்கி வந்த அதிகாரம் ஊர்த்தெருவோடு நின்றுவிடும். அதைச் சேரிக்குள் இழுத்துவர ஒரு ஆள் நின்று கேட்கவேண்டும்.

அந்த லேபர் ஆபீசு என்ன செய்தது? 1920 வாக்கில் சென்னை அரசு ஒரு லேபர் கமிஷனரை நியமித்து, ஒடுக்கப்பட்ட மக்களுக்கான வேலைகளை அவர் பொறுப்பில் விட்டது. பள்ளிக்கூடம் திறந்தார்கள், கிணறு வெட்டினார்கள், குடியிருப்பு மனைக்கு நிலம் வாங்கினார்கள். மனை சும்மா வரவில்லை. கூட்டுறவுச் சங்கம் வைத்து, அதன் விலையைத் தவணை தவணையாக நம்மவர்களிடமே வசூல் செய்தார்கள். 'செல்லம்' என்று சொன்னது இதைத்தான். சுதந்திரத்துக்குப் பிறகு அந்தத் துறை ஹரிஜன நலத்துறை ஆனது, பிற்பாடு ஆதிதிராவிடர் நலத்துறை ஆனது. ஆயா மட்டும் பழைய பெயரை விடவில்லை.

பெயர் விஷயத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. 'பறையர்', 'பஞ்சமர்' என்று அரசு ஆவணங்களில் எழுதுவதை நிறுத்தி 'ஆதிதிராவிடர்', 'ஆதிஆந்திரர்' என்று எழுதவேண்டும் என 1922ல் ராஜா தீர்மானம் கொண்டுவந்தார். அரசு ஏற்று உத்தரவு போட்டது. பெயர் மாறியது. பைசா செலவில்லாத கோரிக்கையைச் சீக்கிரம் ஏற்றுக்கொள்வார்கள் என்பது நான் கற்ற பாடம். பணமும் நிலமும் சம்பந்தப்பட்ட கோரிக்கைக்குத்தான் அலுவலகம் மாறி அலுவலகம் காட்டுவார்கள்.

அடுத்து இரட்டைமலை சீனிவாசன். எங்கள் செங்கல்பட்டுச் சீமைக்காரர், கோழியாளம் அவர் பிறந்த ஊர். 1893லேயே 'பறையன்' என்று பத்திரிகை நடத்தியவர். தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பி 1923ல் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். 1924ல் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலை, தெரு, பாதை எதிலும் எந்தச் சாதிக்காரரும் நடக்கலாம். பொது அலுவலகம், கிணறு, குளம் எல்லாம் எல்லாருக்கும் பொது. தீர்மானம் நிறைவேறியது. அரசாணையும் வந்தது.

ஆயா எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது 1950களில். "ஊர்க் கெணத்துல கயிறு போட முடியாது. கொடத்த வச்சிக்கினு தள்ளி நிக்கணும். யாராச்சும் மனசு வச்சி ஊத்துனா தண்ணி. ஊத்தலன்னா வெறுங்கொடம்" என்று சொல்லும். 1924ல் பொதுவான கிணற்றில் முப்பது வருஷம் கழித்தும் எங்க ஆயா தள்ளித்தான் நின்றிருக்கிறது. தீர்மானம் பொய்யில்லை. அரசாணையும் பொய்யில்லை. கிணற்றை வைத்திருந்த உள்ளாட்சி அதை நிறைவேற்றாவிட்டால் என்ன ஆகும் என்பது மட்டும் அதில் இல்லை.

இதைக் கண்டுபிடிக்க நமக்கு நூறு வருஷம் ஆகவில்லை. அந்த ஐந்து பேருக்கு உடனே புரிந்துவிட்டது. கோயம்புத்தூர் வீரையன், பொதுவழியில் தடுப்பவனுக்கு அபராதம் வேண்டும் என்று உள்ளாட்சிச் சட்டத்துக்குத் திருத்தம் கொண்டுவந்தார். உரிமை உண்டு என்று சொன்னால் போதாது, மறித்தவனுக்குத் தண்டனை என்று எழுது என்றார்கள். அவர்களுடைய அரசியலின் உயிர்நாடியே இதுதான் என்று நினைக்கிறேன்.

1935ஆம் வருஷத்துச் சட்டம் இரட்டையாட்சியை மாகாணத்தில் ஒழித்தது. எல்லாத் துறையும் அமைச்சர்களிடம் வந்தன. பூனா ஒப்பந்தப்படி சென்னை மாகாணத்தில் நமக்கு 30 தனித்தொகுதிகள். ஐந்து நியமனத்திலிருந்து முப்பது தேர்தல்! சந்தோஷப்படவேண்டிய விஷயம்தான். ஆனால் அந்த முப்பதையும் தேர்ந்தெடுப்பது எல்லாச் சாதியும் சேர்ந்த பொது ஓட்டு. கட்சிதான் ஆளை நிறுத்தும், கட்சிதான் ஆளை அடக்கும்.

1932ல் மூஞ்சேயோடு ஒப்பந்தம் போட்டுக் கூட்டுத் தொகுதியை ஆதரித்தவர் ராஜா. அம்பேத்கருக்கு எதிர்ப்பக்கம் நின்றார். அதே ராஜா 1938ல் ராஜாஜி ஆட்சியில் சட்டசபைக்குள் இரண்டு மசோதா கொண்டுவந்தார். ஒன்று, கிணறு, சாலை, வாகனம், அரசு வேலை இவற்றில் தீண்டாமை பார்ப்பதைக் குற்றமாக்கும் சமூக இயலாமைகள் நீக்கச் சட்டம். அது நிறைவேறியது. இன்னொன்று கோயில் நுழைவு மசோதா. அதை வாபஸ் வாங்கச் சொன்னார் ராஜாஜி. ராஜா மறுத்தார். பெரும்பான்மை பலத்தில் தோற்கடித்தார்கள். ராஜா காந்திக்கு எழுதினார். ராஜாஜியை நம்புங்கள் என்றுதான் பதில் வந்தது. கூட்டுத் தொகுதியை நம்பிக் கையெழுத்துப் போட்ட மனுஷனுக்கு அந்தக் கடிதத்தைப் படிக்கும்போது எப்படி இருந்திருக்கும்? அவரைத் துரோகி என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குகிற தோழர்கள், அவர் 1920லிருந்து கேட்ட கேள்விகளையும் சேர்த்துப் படிக்கவேண்டும்.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1979ல் மத்திய அரசு சிறப்புக் கூறுத் திட்டத்தைத் தொடங்கியது. அதை வடிவமைத்தவர் பி.எஸ். கிருஷ்ணன். மாநிலத் திட்ட நிதியில் தாழ்த்தப்பட்டோரின் மக்கள்தொகை விகிதத்துக்குக் குறையாமல் அவர்களுக்கென்று தனியாக எடுத்துவைக்கவேண்டும். வேறு வேலைக்குத் திருப்பக் கூடாது, காலாவதி ஆகவும் விடக்கூடாது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் நாம் 20 சதவீதம். ரூபாய்க்கு இருபது பைசா நம்முடையது என்று அர்த்தம். நான் தேடிய சுடுகாட்டுப் பாதையும் இந்த இருபது பைசாவில்தான் எங்கோ இருக்கவேண்டும்.

அது எங்கே போகும் என்பதற்கு டெல்லி ஒரு உதாரணம். 2010 காமன்வெல்த் விளையாட்டுக்காக டெல்லி அரசு இந்த நிதியிலிருந்து பல நூறு கோடி ரூபாயைத் திருப்பிவிட்டது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டவர்களால்தான் அது வெளியே வந்தது. உள்துறை அமைச்சர் மாநிலங்களவையில் ஒப்புக்கொள்ளவேண்டி வந்தது. நாம் ஓடாத மைதானத்துக்கு நம்ம காசு.

வழிகாட்டு நெறி என்று இருக்கிறவரை இப்படித்தான் நடக்கும், சட்டம் வேண்டும் என்று ஆந்திரத்தில் போராடினார்கள். 2013ல் சட்டம் வந்தது. அதே வருஷம் கர்நாடகத்திலும் வந்தது. ஆனால் கர்நாடகச் சட்டத்தில் 7(டி) என்று ஒரு பிரிவு. பொதுவாகப் போட்ட ரோட்டிலும் பாலத்திலும் நம்ம ஆள் நடப்பான் என்று சொல்லி, அந்தச் செலவில் ஒரு பங்கை நம் கணக்கில் எழுதிக்கொள்ள அது இடம் கொடுத்தது. பத்து வருஷம் போராடி, 2023ல்தான் அந்தப் பிரிவை நீக்கினார்கள். தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரியில் சட்டம் நிறைவேறியது. தாமதம்தான். ஆனாலும் வந்திருக்கிறது. 1924 தீர்மானம் போல இது அரசிதழோடு நிற்குமா, எங்க சேரி வரைக்கும் வருமா என்பதுதான் கேள்வி.

இன்னொரு படியும் இருக்கிறது. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993ல் அமலுக்கு வந்தது. பஞ்சாயத்துக்கு அதிகாரம், தலைவர் பதவியில் நமக்கு இடஒதுக்கீடு. 1996ல் தேர்தல். 1997 ஜூன் 30 அன்று, மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்த் திரும்பிய பஸ்ஸை மறித்து மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் கூட இருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை ஒரு தலைவர் உட்கார்ந்து வேலை செய்ய முடியவில்லை. கிராமத்தை நம்பி அதிகாரத்தைக் கொடுக்காதே என்று 1948லேயே அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தார். அதிகாரம் கடைசிப் படிக்கு இறங்கியபோது, அதைத் தொட்ட கையை வெட்டினார்கள்.

அப்படியானால் அதிகாரம் கீழே வரவேண்டாமா? அப்படிச் சொல்ல நான் தயாரில்லை. தூரத்தில் இருக்கிற அரசைக் கேள்வி கேட்பதைவிடப் பக்கத்தில் இருக்கிற அரசைக் கேட்பது சுலபம். ஆனால் பக்கத்தில் இருப்பவன் கை நம் கழுத்துக்கும் பக்கத்தில் இருக்கிறது. அதனால் கேட்கிற முறையைச் சரியாகப் பிடிக்கவேண்டும். அந்த ஐந்து பேரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது நாலு கேள்விதான். எவ்வளவு? யார் கையில்? எந்தத் தேதிக்குள்? தவறினால் யாருக்குத் தண்டனை? இந்த நாலில் ஒன்று குறைந்தாலும் திட்டம் காகிதமாகிவிடும். 1922 உத்தரவுக்குப் பணம் வேண்டியிருக்கவில்லை, நிறைவேறியது. 1924க்குத் தண்டனை இல்லை, கிணறு கிடைக்கவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் மட்டும் நாலும் இருக்கிறது. முப்பது நாளுக்குள் பதில் வரவேண்டும். சரியான காரணமில்லாமல் தவறினால் அதிகாரி கைக்காசிலிருந்து நாளைக்கு 250 ரூபாய், 25,000 ரூபாய் வரை அபராதம். அதனால்தான் அந்த ஒரு வரியாவது வந்தது.

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? 'நிறைவுற்றது' என்றால் அளவுப் புத்தகம் இருக்கவேண்டும், பில் இருக்கவேண்டும், கையெழுத்துப் போட்டவர் இருக்கவேண்டும். அவற்றைக் கேட்டு அடுத்த மனு போட்டிருக்கிறேன். இந்த முறை நான் மட்டும் போடவில்லை. எங்கள் சேரியில் பதினாலு பேர், தனித்தனியாக, ஆளுக்கு ஒரு ஸ்டாம்பு.

மே 1 கிராம சபைக் கூட்டத்துக்கு எல்லாரும் போனோம். எப்போதும் போலக் கையெழுத்து வாங்கிக் கூட்டத்தை முடிக்கப் பார்த்தார்கள். எங்க சித்தி ஒன்பதாவது வரைக்கும் படித்தவள், அதே லேபர் ஸ்கூலில் ஆரம்பித்தவள். கடைசி வரிசையிலிருந்து எழுந்தாள். அவள் கை நடுங்கியதை நான் பார்த்தேன். அவள் வேலைக்குப் போகிற நிலத்துக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"கையெழுத்து அப்புறம் போடுறோம். எங்க அத்தை போன பாதைக்கு எவ்வளவு செலவு பண்ணீங்க? மொதல்ல கணக்க வாசிங்க" என்றாள்.

அன்றைக்கு வாசிக்கவில்லை. ஆனால் அவள் கேட்ட கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தோம்.